வெள்ளை கூடினால் என்ன? குறைந்தால் என்ன?
இரத்தப் பரிசோதனைத் துண்டு சொல்லும் செய்தி

காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகின்றோம். இரத்தம் எடுக்கிறார்கள். சில மணி நேரத்திலோ மறுநாளோ ஒரு துண்டு கைக்கு வருகிறது. துண்டு முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும். வைத்தியர் அதைப் பார்த்து, "வெள்ளை கொஞ்சம் கூடியிருக்கு" என்கிறார். அல்லது, "வெள்ளை குறைஞ்சிருக்கு, நாளைக்கும் வந்து இரத்தம் குடுங்கோ" என்கிறார். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. மேற்கொண்டு கேட்க நேரமும் இல்லை, துணிவும் வருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அயலில் கதை தொடங்குகிறது.

"என்னவாம் அண்ணை, துண்டிலை?"

"வெள்ளை கூடிப்போச்சாம் தங்கச்சி."

"ஐயோ, வெள்ளை கூடினால் புற்றுநோயெண்டெல்லோ சொல்லுறவை!"

அன்றிரவு அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. அடுத்த வீட்டில் கதை வேறு. "வெள்ளை குறைஞ்சிருக்காம். குறைஞ்சால் நல்லதுதானே, கிருமி இல்லையெண்டுதானே கருத்து" என்று சொல்லிக்கொண்டு, மறுநாள் போகவேண்டிய பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை இருக்கிறது. பஸ்சுக்குக் காசும் இல்லை.

முதல் வீட்டில் இருப்பது பெரும்பாலும் தேவையற்ற பயம். இரண்டாவது வீட்டில் இருப்பது உயிரையே பறிக்கக்கூடிய துணிச்சல். அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சிறிதளவேனும் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். அதற்காகவே இக்கட்டுரை.

காலில் தைத்த முள்

கமக்காரருக்கு முள் புதிதல்ல. உடைமுள்ளோ ஈச்சமுள்ளோ காலில் தைத்தால் முதலில் வலி. மறுநாள் அந்த இடம் சிவந்து தடித்து, தொட்டால் சூடாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். சீழ் என்றால் வெறும் அழுக்கு என்று நினைக்கின்றோம். உண்மையில் அதில் பெரும்பகுதி, முள்ளோடு உள்ளே போன கிருமிகளோடு போராடி மடிந்த வெண்குழியங்களே.

இந்த உண்மையை உலகம் அறிந்ததும் ஒரு முள்ளினால்தான். 1882ஆம் ஆண்டில், உருசியப் பேரரசில் பிறந்த இலியா மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்னும் கடற்கரை நகரில் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குடம்பிகள் கண்ணாடியைப் போல ஊடுருவிப் பார்க்கக்கூடிய உடலைக் கொண்டவை. தோட்டத்து ரோசாச் செடியிலிருந்து முட்களை எடுத்து அந்தக் குடம்பிகளின் உடலில் குத்திவைத்தார். மறுநாட் காலை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அசைந்து திரியும் நுண்ணிய கலங்கள் முள்ளைச் சூழ்ந்து கூடி நின்றன. உடலுக்குள் அந்நியமான ஒன்று நுழைந்தால் அதைத் தேடிப்போய் விழுங்குவதற்கென்றே கலங்கள் இருக்கின்றன என்று அவர் விளக்கினார். அக்காலத்தில் பலர் அதை ஏற்கவில்லை. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேர்மன் வைத்தியர் போல் ஏர்லிக், சாயங்களைப் பயன்படுத்தி வெண்குழியங்களை வகை பிரித்தறியும் வழியைக் கண்டவர். எமது துண்டில் உள்ள இலக்கங்களுக்கு அடிப்படை அவர் காட்டிய அந்த வழியே.

இரத்தத்தில் சிவப்பு நிறம் தருபவை செங்குழியங்கள். இரத்தம் உறைய உதவுபவை குருதிச் சிறுதட்டுக்கள். காவல் செய்பவை வெண்குழியங்கள். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலையளவு துளியில், நாற்பது ஐம்பது இலட்சம் செங்குழியங்கள் இருக்கும். வெண்குழியங்களோ 4,000 முதல் 11,000 வரையே. இவை எல்லாம் எலும்பின் உள்ளேயுள்ள மச்சையில் பிறக்கின்றன.

வயற் காவலும் உடற் காவலும்

நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததும் வயலில் இரவுக் காவல் தொடங்கும். பன்றி வரும், யானை வரும். வழமையான இரவில் அங்கொன்று இங்கொன்றாக ரோச் வெளிச்சம் தெரியும். திடீரென்று ஒரு பக்கத்தில் பத்து வெளிச்சம் கூடினால் தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கும், ஏதோ வயலுக்குள் இறங்கிவிட்டது என்று. ஆனால் இறங்கியது பன்றியா யானையா என்பதை வெளிச்சத்தின் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. யார் ஓடுகிறார்கள், வெடி போடுகிறார்களா, தகரம் தட்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். நிறைய வெளிச்சம் இருக்கவேண்டிய நேரத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அது இன்னும் பயங்கரம்.

வெண்குழியங்களின் கணக்கும் அப்படித்தான். கூடினாலும் குறைந்தாலும் அது ஓர் அறிகுறி. நோயின் பெயர் அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. நோயைக் கண்டுபிடிக்க, எந்த வகை கூடியது, காய்ச்சல் எத்தனையாம் நாள், உடம்பில் வேறு என்ன குறி, நோயாளி எங்கே என்ன வேலை செய்தவர் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஐந்து வகைக் காவலர்

துண்டில் மொத்தக் கணக்குக்குக் கீழே ஐந்து பெயர்கள் நூற்றுவீதத்தில் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ இவ்வாறு அமையும்.

நியூட்ரோபில் - 40 முதல் 75 வீதம். முள் தைத்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை இவை. பற்றீரியாக் கிருமிகளை விழுங்குவது இவற்றின் தொழில். இரத்தத்தில் இவற்றின் வாழ்வு குறுகியது; ஆகவே எமது மச்சை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

லிம்போசைற் - 20 முதல் 45 வீதம். வைரசுக் கிருமிகளை எதிர்ப்பதில் முன்னிற்பவை. ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்திருந்து, அது மறுபடி வந்தால் உடனே எதிர்ப்பவை. தடுப்பூசி வேலை செய்வது இவற்றின் ஞாபகசக்தியால்தான்.

மொனோசைற் - 2 முதல் 10 வீதம். இழையங்களுக்குள் புகுந்து பெரிதாகி, கிருமிகளையும் இறந்த கலங்களையும் விழுங்கித் துப்புரவு செய்பவை.

இயோசினோபில் - 1 முதல் 6 வீதம். புழுக்களுக்கும் ஒவ்வாமைக்கும் கிளர்ந்தெழுபவை.

பேசோபில் - 1 வீதத்துக்கும் குறைவு. ஒவ்வாமையின்போது தொழிற்படுபவை.

துண்டைப் பார்ப்பது எப்படி?

இரத்தம் எடுப்பதற்கே பயப்படுவோர் உளர். "உள்ள இரத்தத்தையும் உறிஞ்சிப்போடுவினம்" என்று சொல்லும் ஆச்சிமாரை அறிவோம். வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் உண்டு. இப்பரிசோதனைக்கு எடுப்பது இரண்டு மூன்று மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியில் பாதியளவு. அதனால் ஒருவரும் பலவீனப்படுவதில்லை.

துண்டில் டபிள்யூ, பீ, சீ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுக்கு நேரே இருப்பதே வெண்குழியங்களின் மொத்தக் கணக்கு. சில இடங்களில் 8,500 என்று முழுதாக இருக்கும். சில இயந்திரங்கள் 8.5 என்று மட்டும் அச்சிடும். இரண்டும் ஒன்றுதான்; ஆயிரத்தால் பெருக்கவேண்டும். முதல் நாள் துண்டில் 8,500, மறுநாள் வேறிடத்துத் துண்டில் 8.2 என்று கண்டு, எல்லாம் அழிந்துபோயிற்று என்று கலங்கவேண்டாம்.

நூற்றுவீதத்தை மாத்திரம் பார்த்தாலும் ஏமாற நேரிடும். ஒருவருக்கு மொத்தம் 14,000. நியூட்ரோபில் 80 வீதம், லிம்போசைற் 14 வீதம். "லிம்போசைற் குறைந்துவிட்டது" என்று தோன்றும். கணக்குப் போட்டால் 14,000இல் 14 வீதம் 1,960. வளர்ந்தவருக்கு 1,000 முதல் 4,000 வரை சரியான அளவு. ஆகவே லிம்போசைற் குறையவில்லை. நியூட்ரோபில் 11,200 ஆகக் கூடியதால் மற்றதன் பங்கு சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவே.

வயதையும் பார்க்கவேண்டும். பிறந்த குழந்தைக்கு 20,000 இருந்தாலும் அது இயல்பாக இருக்கலாம். நான்கைந்து வயது வரை பிள்ளைகளுக்கு நியூட்ரோபிலைவிட லிம்போசைற் கூடுதலாக இருப்பது வழமை. கர்ப்பிணித் தாய்மாருக்கு 15,000 வரையும், பிரசவ வேளையில் அதற்கு மேலும் போவதுண்டு. பெரியவருக்குரிய அளவைப் பிள்ளையின் துண்டோடு ஒப்பிட்டுத் தாய்மார் அழவேண்டியதில்லை.

கூடினால்

வெண்குழியங்கள் கூடுவதற்கு மிகப் பொதுவான காரணம் பற்றீரியாத் தொற்று. சுவாசப்பைக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சீழ்க்கட்டி, புண், குடல்வால் அழற்சி போன்றவற்றில் மொத்தம் 15,000, 20,000 என்று உயரும். அதிலும் நியூட்ரோபில் கூடும். தொற்று மாறக் கணக்கும் இறங்கும். மருந்து வேலை செய்கிறதா என்று அறியவே வைத்தியர் இரண்டாம் முறை இரத்தம் எடுக்கச் சொல்கிறார்.

தொற்று இல்லாமலும் கூடும். எரிகாயம், எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, கடும் உடலுழைப்பு, பெரும் பயம், புகைத்தல், முட்டுக்குக் கொடுக்கும் ஸ்ரீரொயிட் மாத்திரைகள் ஆகிய எல்லாம் கணக்கை உயர்த்தும். வைத்தியரிடம் போகும்போது குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதனாலேயே.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வெள்ளை கூடியிருக்கு" என்று கேட்டவுடன், போன முறை மிஞ்சிய அன்ரிபயோற்றிக் மாத்திரையைத் தேடி எடுப்போர் உண்டு. பார்மசியில் இரண்டு நாளைக்கு மாத்திரம் வாங்குவோரும் உண்டு. அரைகுறையாகக் குடித்தால் கிருமி சாகாது. தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். கூடியதன் காரணம் பற்றீரியாதானா என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

குறைந்தால்

கூடுதலை விடக் குறைவையே நாம் அலட்சியம் செய்கின்றோம். எமது நாட்டில் காய்ச்சலோடு வெண்குழியம் குறைந்தால் முதலில் நினைக்கவேண்டியது டெங்கு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்த ஆண்டில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

டெங்கு வைரசு, மச்சையின் வேலையைச் சில நாட்களுக்கு மந்தப்படுத்துகிறது. காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளில் வெண்குழியங்கள் 5,000க்குக் கீழே இறங்கத் தொடங்கும். அதைத் தொடர்ந்தே சிறுதட்டுக்கள் 150,000க்குக் கீழே போகும். ஆகவே வெண்குழியக் குறைவு முதல் அபாய அறிவிப்பு. இரண்டாவது வீட்டார் "நல்லதுதானே" என்று தள்ளிவைத்தது இந்த அறிவிப்பையே.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாளாகக் கணக்கிடுங்கள். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு முதலான நாட்பட்ட நோயுள்ளோர் காய்ச்சல் கண்ட உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிறுதட்டுக்கள் 100,000க்கு இறங்கினால் வாட்டில் தங்கவேண்டும். "வீட்டிலை வைச்சுப் பார்க்கிறம்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வரக்கூடாது.

டெங்குவின் வஞ்சகம் என்னவென்றால், காய்ச்சல் விடும் நேரத்திலேயே ஆபத்து வருவதுதான். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று நாம் எண்ணும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். விடாத வாந்தி, வயிற்றுவலி, எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், கைகால் குளிர்தல், மிகுந்த சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், துண்டில் என்ன இலக்கம் இருந்தாலும், இரவென்று பாராமல் புறப்படுங்கள். குறைந்த வெண்குழியங்கள் மீண்டும் ஏறத் தொடங்குவது மச்சை விழித்துக்கொண்டதற்கு அடையாளம். பெரும்பாலும் அதன் பின்னரே சிறுதட்டுக்களும் ஏறும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக், மெபனமிக் அசிட் ஆகியவை வேண்டவே வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

வேறு வைரசுக் காய்ச்சல்களிலும் வெண்குழியம் சிறிது குறைவதுண்டு. நெருப்புக் காய்ச்சல் பற்றீரியாவால் வருவதாயினும் அதிலும் கணக்கு உயராமல், சிலவேளை குறைந்தும் இருக்கும். துண்டு மாத்திரம் தீர்ப்புச் சொல்லாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சில மருந்துகளும் வெண்குழியங்களைக் குறைக்கும். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகள் முதன்மையானவை. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு வந்தவருக்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் கண்டால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நியூட்ரோபில் 500க்குக் கீழே போன உடலில் கிருமி சில மணித்தியாலங்களிலேயே பரவிவிடும். தைரொயிட் நோய்க்குக் காபிமசோல் குடிப்பவர்கள் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் உடனே இரத்தம் பரிசோதிக்கவேண்டும். மனநோய்க்குக் குளோசபின் குடிப்பவர்களுக்கு முதல் 18 வாரங்களும் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை தேவை. இடம்பெயர்ந்து வேறு ஊருக்குப் போனால், போன கையோடு அங்குள்ள வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைக் காட்டி இந்தப் பரிசோதனை தொடர ஒழுங்கு செய்யுங்கள்.

வயலிலிருந்து வரும் காய்ச்சல்

எலிக்காய்ச்சல் கமக்காரரின் நோய். எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி, சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் கலந்து, கால் வெடிப்பினூடாகவும் சிறு காயங்களினூடாகவும் உடலுள் புகுகிறது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. 2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்த பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரவிய இந்நோயால் பல குடும்பங்கள் உழைப்பாளரை இழந்தன.

தொடக்கத்தில் இது டெங்குவைப் போலவே தோன்றும். காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு. சிறுதட்டுக்களும் குறையக்கூடும். ஆனால் எலிக்காய்ச்சலில் வெண்குழியங்கள் பெரும்பாலும் குறைவதில்லை. பலருக்கு உயர்ந்து, நியூட்ரோபிலும் கூடியிருக்கும். கெண்டைக்கால் தசையில் கடும் நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் என்பவை வேறு குறிகள். இந்த நோய்க்கு அன்ரிபயோற்றிக் மருந்து உண்டு. நேரத்தோடு தொடங்கினால் சிறுநீரகத்தையும் உயிரையும் காக்கலாம்.

வைத்தியருக்கு வழிகாட்ட நாம் செய்யக்கூடிய பேருதவி ஒரு வசனம்தான்: "ஐயா, நான் போன கிழமை வயலுக்குள் இறங்கினனான்." கிணறு இறைத்திருந்தாலும், வெள்ளத்தில் நடந்திருந்தாலும், மாட்டுக்கொட்டில் துப்புரவு செய்திருந்தாலும் அதையும் கேட்காமலே சொல்லுங்கள். இலக்கமும் இந்த வசனமும் சேரும்போதே நோய் பிடிபடுகிறது.

விதைப்புக்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால், தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரையைத் தருவார்கள். அவர்கள் சொல்லும் முறைப்படி குடிக்கவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முதலிலேயே தம் நிலையைச் சொல்லவேண்டும்.

செருப்பில்லாத காலும் இயோசினோபிலும்

ஒரு கொட்டிலில் இரண்டு மூன்று குடும்பம், எல்லோருக்கும் ஒரே மலசலகூடம், வெறுங்காலோடு ஓடித்திரியும் பிள்ளைகள். இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இப்படியான இடத்தில் கொழுக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. சுவாசப்பை வழியாகப் பயணம் செய்து குடலை அடைந்து அங்கே இரத்தத்தை உறிஞ்சுகிறது.

அப்பயணத்தின்போது இயோசினோபில்கள் கூடும். மொத்தம் 10,000, இயோசினோபில் 12 வீதம் என்றால் 1,200. 500க்கு மேல் போனாலே கூடுதல்தான். அதோடு செங்குழியங்களுக்குரிய ஹீமோகுளோபினும் குறைந்து, பிள்ளை வெளிறி, படிப்பில் மந்தமாக இருந்தால் புழுவைச் சந்தேகிக்கலாம். ஆஸ்மா, தோல் அரிப்பு, மருந்து ஒவ்வாமை என்பவற்றாலும் இயோசினோபில் கூடும் என்பதால் மலப் பரிசோதனையும் செய்வார்கள். புழு மருந்து மலிவானது. பாடசாலைகளிலும் கிளினிக்குகளிலும் கொடுக்கிறார்கள். மருந்தோடு காலுக்குச் செருப்பும் மலசலகூடப் பாவனையும் இல்லையென்றால் புழு மறுபடி வரும்.

அப்படியானால் இரத்தப் புற்றுநோய்?

முதல் வீட்டாரின் பயத்துக்கு வருவோம். 1840களில் ஜேர்மனியில் ருடோல்ப் விர்ச்சோ என்ற வைத்தியர், ஒரு நோயாளியின் இரத்தம் வெளிறியிருக்கக் கண்டு "வெள்ளை இரத்தம்" என்று எழுதினார். அதே பொருளில் அவர் இட்ட பெயரே லியூக்கேமியா. வெள்ளை கூடினால் புற்றுநோய் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுவாக இருக்கலாம்.

இந்நோயில் கணக்கு 50,000, ஒரு இலட்சம் என்று உயர்வதுண்டு. சிலருக்குக் குறைந்தும் இருக்கும். கூடியது எவ்வளவு என்பதைவிட, முற்றாத இளங்கலங்கள் இரத்தத்தில் காணப்படுகின்றனவா என்பதே முக்கியம். அதை அறிய இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். தேவையானால் மச்சையையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். காய்ச்சலோடு ஒருமுறை 13,000 வந்தது இந்நோயல்ல. ஆனால் வாரக்கணக்கில் மாறாத காய்ச்சல், வெளிறல், காரணமின்றித் தோலில் கண்டல், முரசில் இரத்தம், கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டுதல் என்பன சேர்ந்து வந்தால் தாமதிக்கவேண்டாம். சிறுவருக்கு வரும் லியூக்கேமியாவில் மிகப் பொதுவான வகை, முழுச் சிகிச்சையையும் இடையில் விடாமல் பெற்றால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

காவலருக்கும் சோறு வேண்டும்

பசியோடு இருப்பவன் இரவுக் காவல் செய்யமாட்டான். போசாக்குக் குறைந்த உடலில் வெண்குழியங்களும் தளர்ந்துபோகின்றன. மிகவும் மெலிந்த பிள்ளைக்குக் கடும் தொற்று இருந்தும் காய்ச்சல் காயாமலும் வெண்குழியங்கள் கூடாமலும் இருக்கலாம். துண்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளை பால் குடிக்கவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால், பிள்ளையை நம்புங்கள், துண்டை நம்பவேண்டாம்.

இதற்கு விலைகூடிய மா வகைகள் தேவையில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பின்னர் தாய்ப்பாலோடு பயறு, பருப்பு, நெத்தலி, முட்டை, முருங்கையிலை, வல்லாரை, பப்பாசி, பூசணி. கொட்டிலுக்கு அருகே இரண்டு முருங்கைத் தடி நடுவதற்குப் பெரிய காணி வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் இருப்போமோ தெரியாது என்றாலும் நடுங்கள்.

நீரிழிவுள்ளவர்களுக்குச் சீனி கட்டுப்பாடு இல்லாதபோது வெண்குழியங்களின் போராடும் வலிமை குன்றுகிறது. இலக்கம் சரியாக இருந்தாலும் வேலை நடக்காது. அவர்கள் காலில் தைத்த முள்ளைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. முள், ஆணி, மண்வெட்டி வெட்டு எதுவாயினும் ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டியது எல்லோருக்கும் பொது.

நினைவில் வைத்திருங்கள்

1. காய்ச்சல் தொடங்கிய திகதியைக் கலண்டரில் குறியுங்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை.

2. வெள்ளை கூடினால் பயந்து மாத்திரை வாங்கவேண்டாம். குறைந்தால் நல்லதென்று வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

3. ஒரு துண்டைவிட இரண்டு துண்டு கூடுதலாகப் பேசும். மறுநாள் வரச் சொன்னால் போங்கள்.

4. செய்த வேலையையும் குடிக்கும் மருந்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

5. அபாயக் குறி தெரிந்தால் இலக்கத்துக்காகக் காத்திருக்கவேண்டாம்.

இடம்பெயரும்போது நாம் காணி உறுதியை எடுத்தோம், அடையாள அட்டையை எடுத்தோம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தோம். கிளினிக் கொப்பியையும் இரத்தத் துண்டுகளையும் பலர் விட்டுவிட்டோம். புதிய இடத்தில் வைத்தியர், "முந்தி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டபோது விடை இருக்கவில்லை. இனி அவற்றையும், பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் உறுதி இருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். துண்டின் மை காலப்போக்கில் மங்கிவிடும். ஆகவே திகதியையும் மூன்று இலக்கங்களையும், அதாவது வெண்குழியம், சிறுதட்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்து வையுங்கள்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய மடலில், பல உறுப்புக்கள் சேர்ந்து ஒரே உடலாக இருப்பதை உவமையாகக் காட்டித் திருச்சபைக்குப் போதித்தார். முள் தைத்தது பாதத்தில் என்றாலும் எலும்பின் உள்ளிருந்து காவலர் புறப்பட்டு ஓடிவருகிறார்கள். அடுத்த கொட்டிலில் ஒருவர் காய்ச்சலோடு கிடந்து, மூன்றாம் நாளும் வைத்தியசாலைக்குப் போக வழியில்லாமல் இருந்தால், அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகவேண்டிய கால்கள் எம்முடையவையே.